பல்லிக்குக் கலர் தெரியுமா? கடையில் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் டவுனில் வளர்ப்பு மீனும் அதற்கு வேண்டிய சாமான்களும் விற்கிற சின்னக் கடை என்னுடையது. கொஞ்ச வருடமாக மீன் வாங்குகிறவர்களைவிடப் பல்லிக்கும் ஆமைக்கும் தீனி வாங்க வருகிறவர்கள்தான் அதிகம். தோட்டத்திலிருந்து மோட்டாரில் வரும் பையன்கள், தமிழ்ப்பள்ளி ஆசிரியைகள், சந்தைக்கு வந்த வழியில் எட்டிப் பார்க்கும் ஆயாக்கள் என்று எல்லோரும் சுற்றிச் சுற்றி ஒரே விஷயத்தைத்தான் கேட்கிறார்கள்: இதுகளுக்குக் கலர் தெரியுமா? ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால் அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டு எழுதி வைக்கிறேன்.

"அண்ணே, பல்லிக்குக் கலர் தெரியுமா தெரியாதா? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

தெரியும்.

ஒரு வார்த்தை போதாதவர்களுக்கு இன்னும் கொஞ்சம். கண்ணுக்குள்ளே பின்பக்கத் திரையில் கூம்பு செல்கள் இருக்கின்றன. நிறத்தைப் பிரித்துக் காட்டுவது அவைதான். மனிதனுக்கு மூன்று வகைக் கூம்பு: ஒன்று நீலத்தை நன்றாகப் பிடிக்கும், ஒன்று பச்சையை, மூன்றாவது மஞ்சளிலிருந்து சிவப்பு வரைக்கும். கெக்கோ வகைப் பல்லிக்கும் (நம் வீட்டுப் பல்லியும் இந்த வகைதான்) மூன்று வகைதான். ஆனால் நம்முடைய மூன்றும் அதன் மூன்றும் ஒன்றல்ல. அதற்கு ஒன்று பச்சை, ஒன்று நீலம், மூன்றாவது புற ஊதா. நம் கண்ணில் விழாத அந்தப் புற ஊதா அதற்கு ஒரு நிறம். நமக்குப் பளிச்சென்று தெரியும் சிவப்பு அதற்கு மங்கல். இந்த ஒரு வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம்.

"மிருகங்களுக்கு எல்லாம் கறுப்பு வெள்ளைதானே தெரியும்? எங்க சார் அப்படித்தான் சொன்னாரு."

சார் நாயை மனதில் வைத்துச் சொல்லியிருப்பார். நாய்க்கும் முழுக் கறுப்பு வெள்ளை இல்லை. இரண்டு வகைக் கூம்பு இருப்பதால் நீலமும் மஞ்சளும் தெரியும், சிவப்பும் பச்சையும் குழம்பும். பாலூட்டிகளின் முன்னோர்கள் டைனோசர் காலத்தில் இருட்டில் ஒளிந்து வாழ்ந்தவை. அந்தக் காலத்தில் நிற செல்களில் பாதியைத் தொலைத்துவிட்டன. ஊர்வனவும் பறவைகளும் அந்த நஷ்டத்துக்கு ஆளாகவில்லை. பகலில் திரியும் பல்லி இனங்கள் பலவற்றுக்கு இன்றும் நான்கு வகை இருக்கிறது. கலர் விஷயத்தில் ஓணான் நம்மைவிட ஒரு படி மேல்.

"அது ராத்திரியிலதானே நடமாடுது. இருட்டுல கலர் எதுக்கு?"

எனக்கு மிகப் பிடித்த கேள்வி இது. என் அம்மா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியுமுன்னே பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்குப் போய், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மர நிரைக்குள் இறங்கிவிடுவார். இருட்டில் துணியை எடுத்து மாட்டிக்கொண்டு போய், வெளிச்சம் வந்த பிறகுதான் சட்டை ஒரு கலர், கைலி ஒரு கலர் என்று தெரிந்து நிரையே சிரிக்கும் என்பார். விளக்கு வட்டத்துக்கு வெளியே எல்லாம் சாம்பல்தான். மங்கின நிலா வெளிச்சத்தில் நம் கூம்பு செல்கள் படுத்துவிடும். தண்டு வடிவத்தில் இருக்கும் இன்னொரு வகை செல்தான் அப்போது வேலை செய்யும். அதற்கு வெளிச்சம் தெரியும், நிறம் தெரியாது.

பல்லியின் கதை வேறு. கெக்கோவின் முன்னோர்கள் பகல் பல்லிகள். பகலிலேயே வாழ்ந்ததில் இந்தத் தண்டு செல்களை இழந்துவிட்டன. பிறகு ராத்திரி வாழ்க்கைக்குத் திரும்பியபோது இழந்தது திரும்ப வரவில்லை. இருந்த கூம்பு செல்களே நீண்டு பெருத்துத் தண்டு மாதிரி ஆகி, இருட்டு வேலைக்குத் தயாராகிவிட்டன. கூம்பு என்பதால் நிறம் பிரிக்கும் குணம் மட்டும் போகவில்லை. ஆக, நம் கண்ணுக்கு எல்லாமே சாம்பலாகிவிட்ட நேரத்திலும் பல்லி நிறத்தோடு பார்க்கிறது.

2004இல் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் லீனா ராத், ஆல்முட் கெல்பர் என்ற இருவர் இதைச் சோதித்துக் காட்டினார்கள். எடுத்துக்கொண்டது வட ஆப்பிரிக்கக் கடலோரத்து ஹெல்மெட் கெக்கோ. மங்கின நிலா அளவு வெளிச்சத்தில் அது நீலத்தையும் சாம்பலையும் பிரித்துவிட்டது. நிறம் தெரிவதற்கு மனிதக் கண்ணுக்குக் குறைந்தபட்சம் எவ்வளவு வெளிச்சம் வேண்டுமோ, அந்த எல்லையில் அதன் கண் நம்முடையதைப்போல் 350 மடங்கு கூர்மை என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

"எப்படிக் கண்டுபிடிச்சாங்க? பல்லி வாயைத் திறந்து சொன்னுச்சா?"

தீனியை வைத்துத்தான். ஒரு நிற அட்டையோடு நல்ல பூச்சி, இன்னொன்றோடு வாய்க்கு ஒவ்வாத பூச்சி. கொஞ்ச நாளில் அது எந்த அட்டை நல்லது என்று கற்றுக்கொள்ளும். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. நீலத்தை நிறமாகப் பார்த்துப் போகிறதா, வெறும் "கறுப்பானது" என்று பார்த்துப் போகிறதா? 1914லேயே கார்ல் வான் ஃபிரிஷ் தேனீயை வைத்து இதற்கு வழி காட்டிவிட்டார். நீலத்துக்குப் பக்கத்தில் வெளிர் முதல் கறுப்பு வரை பல சாம்பல் அட்டைகளைப் பரப்பினார். நிறம் தெரியாத கண் என்றால் ஏதாவது ஒரு சாம்பலோடு நீலத்தைக் குழப்பிக்கொண்டே ஆக வேண்டும். தேனீ குழம்பவில்லை.

என் அக்கா மகன் இதைப் பள்ளி விடுமுறையில் செய்து பார்த்தான். அவனிடம் லெப்பர்ட் கெக்கோ என்னும் புள்ளி போட்ட வளர்ப்புப் பல்லி ஒன்று உண்டு, பெயர் குண்டு. நீலப் போத்தல் மூடிக்குப் பின்னால் புழு, சாம்பல் மூடிக்குப் பின்னால் ஒன்றுமில்லை. இரண்டு வாரத்தில் பத்துக்கு எட்டு முறை குண்டு நீலத்துக்குப் போனது. பையன் துள்ளிக் குதித்துவிட்டான். நான் மூடிகளை இடம் மாற்றி வைத்தேன். குண்டு நேராக இடது பக்கம் நடந்து, சாம்பல் மூடிக்கு முன்னால் நின்று, நாக்கை நீட்டி உதட்டை நக்கிக்கொண்டு புழுவுக்காகக் காத்திருந்தது. அது கற்றுக்கொண்டது இடப்பக்கத்தை. கலரை இல்லை. நீங்கள் செய்வதானால் ஒவ்வொரு தடவையும் இடத்தை மாற்றுங்கள், சாம்பலில் நாலைந்து வகை வையுங்கள், புழு வாசத்துக்கு எல்லா மூடியிலும் புழுவைத் தேய்த்துவிடுங்கள்.

"அப்போ சிவப்பு பல்பு போட்டா அதுக்குத் தெரியாதுல்ல? ராத்திரி முழுக்க எரிய விடலாமா?"

தினம் ஒருவராவது கேட்கிறார்கள். தப்பு என் மேலும் இருக்கிறது. ஆரம்பத்தில் நானே அந்த பல்பை விற்றேன், "ராத்திரிக்கு நல்லது" என்று பெட்டியில் போட்டிருந்ததைப் படித்துவிட்டு. சிவப்புக்குத் தனிக் கூம்பு இல்லை என்பதால் சிவப்பு வெளிச்சமே விழாது என்று அர்த்தமில்லை. பச்சைக் கூம்பு ஆரஞ்சையும் சிவப்பில் கொஞ்சத்தையும் பிடிக்கும். கடையில் கிடைக்கும் சிவப்பு பல்பும் சுத்தச் சிவப்பு இல்லை. கண்ணாடிக்குச் சாயம் பூசியது, ஆரஞ்சும் கசியும். மேலே சொன்ன அளவுக்குக் கூர்மையான கண்ணுக்கு அது இருட்டே இல்லை. தெரு விளக்கைப் படுக்கைக்கு மேலே மாட்டிக்கொண்டு தூங்குவது மாதிரி. நீல "நிலா வெளிச்ச" பல்பு இன்னும் மோசம், நீலத்துக்கு அதனிடம் தனிக் கூம்பே இருக்கிறது.

ராத்திரி இருட்டாக இருக்கட்டும். சூடு வேண்டாமா என்பீர்கள். இது குளிர்நாட்டுப் புத்தகத்தைப் படித்து வரும் கவலை. நம்ம ஊரில் நடுச்சாமத்திலும் 23, 24 டிகிரி இருக்கும், லெப்பர்ட்டுக்கு அது தாராளம். ஏர்கோன் அறையில் வைத்திருப்பவர்கள் மட்டும் வெளிச்சம் வராத செராமிக் ஹீட்டரைத் தெர்மோஸ்டாட்டோடு போடுங்கள்.

"வீட்டுப் பல்லி டியூப் லைட்டுக்குப் பக்கத்துலேயே ஒட்டிக்கிட்டு இருக்கே, கண்ணு கூசாதா?"

வெளிச்சத்தில் அதன் கண்பாவையைக் கூர்ந்து பாருங்கள். நெட்டுக்குத்தாக ஒரு கோடு தெரியும். தோக்கே என்னும் பெரிய பல்லியிடம் இன்னும் அழகு: கோடு முழுவதும் மூடி, மேலிருந்து கீழாக நான்கு ஊசித்துளைகள் மட்டும் மிஞ்சும். இருட்டில் அதே பாவை கண் முழுக்க விரியும். நம் பாவை சுருங்கி விரிவதில் பரப்பு சுமார் 15 மடங்குதான் மாறும். ராத்திரிப் பல்லிக்கு 300 மடங்கு வரை. அதனால் டியூப் லைட் அதற்கு ஒரு தொல்லை இல்லை. லைட்டைத் தேடி வரும் பூச்சிதான் அதற்குச் சாப்பாடு.

இமை இல்லாததால் கண்ணை நாக்கால் நக்கித் துடைத்துக்கொள்ளும். பயந்துவிடாதீர்கள், கண்ணின் மேல் கண்ணாடி மாதிரி ஒரு தோல் மூடி இருக்கிறது. லெப்பர்ட் கெக்கோவுக்கோ இமை உண்டு. அது மூடி மூடித் திறந்து பார்ப்பதை வைத்தே பாதிப் பேர் வாங்கிவிடுகிறார்கள்.

"தோக்கே பல்லியை வச்சுக்கலாமா? ஒரு காலத்துல லட்சக்கணக்குல விலை போச்சாமே?"

நிறத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஆனாலும் கேட்கிறார்கள். எய்ட்ஸுக்கு மருந்து என்று 2011 வாக்கில் ஒரு புரளி கிளம்பி, எடை கூடின தோக்கேவுக்கு நம்ப முடியாத விலை பேசினார்கள். எங்கள் பக்கத்திலும் ராத்திரி டார்ச் அடித்துக்கொண்டு மரம் மரமாக அலைந்தவர்கள் உண்டு. மருந்தும் இல்லை, ஒன்றும் இல்லை. 2019 முதல் அது வனவிலங்கு வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டஸ் என்னும் உலக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. எந்த ஊர்வனவாக இருந்தாலும் வாங்குமுன் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானில் லைசென்ஸ் வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள்.

"என் ஆமை சிவப்புத் தீனியை மட்டும் பொறுக்கித் தின்னுது. சும்மா பிடிவாதமா?"

இல்லை, கண்தான் காரணமாக இருக்கும். காது பக்கம் சிவப்புக் கோடு போட்ட தண்ணீர் ஆமைக்கு நான்கு வகைக் கூம்பு: சிவப்பு, பச்சை, நீலம், புற ஊதா. அதன் சிவப்புக் கூம்பு நம்முடையதைவிட இன்னும் ஆழமான சிவப்புக்குப் போகும். அது மட்டுமில்லை, அதன் கூம்பு செல்களுக்குள் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் நிறத்தில் குட்டி எண்ணெய்த் துளிகள் இருக்கின்றன. கோயில் ஜன்னலில் கலர் கண்ணாடி போட்ட மாதிரி, வெளிச்சத்தை வடிகட்டி நிறங்களை இன்னும் பிரித்துக் கொடுக்கும். பறவைக்கும் இதே ஏற்பாடு உண்டு. ராத்திரிக் கெக்கோவுக்கு இல்லை. வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ள அதற்குக் கட்டுப்படியாகாது.

பழக்கத்தை மாற்ற வேண்டுமானால் கீரையில் துருவின கேரட்டைக் கலந்து கொடுங்கள். ஒன்று மட்டும்: ஆமையின் கண் வீங்கி மூடிக்கொண்டால் அது கலர் விவகாரம் இல்லை. விட்டமின் ஏ குறைவாக இருக்கலாம், தண்ணீர் அழுக்காக இருக்கலாம். மிருக டாக்டரிடம் போங்கள், என்னிடம் சொட்டு மருந்து கேட்காதீர்கள். தட்டு அளவுக்கு வளர்ந்ததும் கோயில் குளத்தில் கொண்டுபோய் விடுவதும் புண்ணியம் இல்லை.

"பாம்புக்கு? சிவப்புச் சட்டை போட்டா துரத்தும்னு தாத்தா சொல்வாரு."

தாத்தாக்கள் சிவப்புச் சட்டை என்பார்கள், சிலர் மாட்டையும் சேர்த்துக்கொள்வார்கள். பாம்புகளின் மூதாதைகள் இருட்டிலோ மண்ணுக்கடியிலோ வாழ்ந்த காலத்தில் நிறப் பொருள் இரண்டைத் தொலைத்துவிட்டன. பெரும்பாலான பாம்புக்கு இப்போது இரண்டு வகைக் கூம்புதான், அதில் ஒன்று பலவற்றில் புற ஊதாவைப் பிடிக்கும். நாய் பார்க்கிற அளவுக்கு நிறம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மகுடிக்கு ஆடும் நல்ல பாம்பு குழல் அசைவதைப் பார்த்துத்தான் ஆடுகிறது. குழலுக்கு என்ன சாயம் பூசினாலும் அதற்கு ஒன்றுதான்.

செம்பனைத் தோட்டத்தில் எலி தேடி வரும் மலைப்பாம்புக்கு நமக்கு இல்லாத இன்னொரு வழி உண்டு. உதட்டு ஓரமாகச் சின்னக் குழிகள். எலியின் உடம்புச் சூடு அதில் படும். பினாங்கு பாயான் லெப்பாஸ் பாம்புக் கோயிலில் கிளையோடு கிளையாகக் கிடக்கும் விரியனுக்குக் கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவில் அதே குழியைப் பார்க்கலாம். சூட்டுச் செய்தியும் கண் தரும் செய்தியும் மூளையில் ஒரே இடத்தில் போய்ச் சேர்கின்றன. அதை நிறம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் எலி அதற்குப் பளிச்சென்று தெரியும்.

"வேலியில இருக்குற ஓணான் தலை சிவப்பாகுதே, ரத்தம் குடிச்சதாலதானே?"

பாவம் அந்த ஓணான். இந்தப் பேச்சால் எத்தனை கல்லடி பட்டிருக்கும். சிவப்பாவது ஆண், இனப்பெருக்கக் காலத்தில். பெண்ணுக்குக் காட்டவும், பக்கத்து வேலிக்காரனை விரட்டவும்தான். பார்க்கிற கண்ணுக்கு நிறம் தெரியாவிட்டால் இவ்வளவு அலங்காரம் வீண். அந்தக் கண்ணுக்கு நான்கு வகைக் கூம்பு என்று மேலே சொன்னேனே.

மலாய்க்காரர்கள் சும்பா-சும்பா என்று சொல்லும் பச்சைப் பல்லி வேறு ஆள். பிடித்தால் பழுப்பாகிவிடும், அது பயம்.

"நிறம் மாறுறதுன்னா, சுத்தி இருக்குற கலரைக் கண்ணால பார்த்துத்தானே மாறணும்?"

அப்படித்தான் நானும் நினைத்தேன். மத்தியதரைக்கடல் ஓரத்து மூரிஷ் கெக்கோவை வைத்து 2014இல் ஓர் ஆராய்ச்சி வந்தது. கண்ணைக் கட்டின பிறகும் அது தரைக்கு ஏற்ற மாதிரி வெளிறியது, கறுத்தது. உடம்பை மூடியபோது அது முடியவில்லை. வெளிச்சத்தை உணரும் பொருள் அதன் தோலிலேயே இருக்கிறது. சுவரில் வெளிறிக் கிடக்கும் பல்லியைப் பார்க்கும்போது இப்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் கூச்சமாகவே இருக்கிறது.

"பூ, பழம் எல்லாம் அதுக்குக் கலரா தெரிஞ்சு என்ன லாபம்? பூச்சிதானே தின்னுது?"

பூச்சி மட்டும் தின்பவை இல்லை எல்லாமும். நம் ஆட்கள் நிறையப் பேர் குடியேறிய மொரிஷியஸ் தீவில் பகலில் திரியும் பச்சைக் கெக்கோக்கள் இருக்கின்றன. அங்கே சில பூக்களின் தேன் மஞ்சளாகவும் சிவப்பாகவும் இருக்கும். தேன் என்றால் பெரும்பாலும் நிறமில்லாத தண்ணீர் மாதிரிதான், இது அபூர்வம். 2006இல் சோதித்தபோது பல்லிகள் நிறத்தேனைத்தான் தேடிப் போய்க் குடித்தன. பூ விளம்பரம் செய்கிறது, பல்லி மகரந்தத்தை எடுத்துப் போகிறது.

"தொட்டிக்கு நீல மணல், பச்சை மணல் போடலாமா? அழகா இருக்குமே."

அழகு உங்களுக்கு. மணலையே லெப்பர்ட் குட்டிக்குப் போடாதீர்கள். புழுவோடு சேர்த்து விழுங்கிக் குடல் அடைத்துக்கொள்ளும். டிஷ்யூவோ தரை ஓடோ போதும்.

"புற ஊதா தெரியும்னா, கள்ள நோட்டு பார்க்குற ஊதா டார்ச்சை அடிச்சு விளையாட்டு காட்டலாமா?"

வேண்டாம். நமக்கு மங்கின ஊதாவாகத் தெரிவது அதற்கு நேராகக் கண்ணில் அடிக்கும் விளக்கு. நமீபியப் பாலைவனத்தில் சவ்வுக்கால் கெக்கோ ஒன்று இருக்கிறது. கண்ணைச் சுற்றியும் விலாவிலும் ஒரு கோடு நிலா வெளிச்சத்திலேயே பச்சையாக ஒளிரக் கூடியது என்று 2021இல் எழுதினார்கள். அந்த வேடிக்கையை வீடியோவில் பாருங்கள். வெளிர் நிற அல்பினோ லெப்பர்ட் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் கண்டிப்பாகச் சொல்வேன். அதற்குச் சாதாரண வெளிச்சமே கூசும். மறைந்துகொள்ள இருட்டுக் குகை கட்டாயம்.

"பல்லி சொன்னா பலிக்கும். அதுக்குக் கலர் தெரிஞ்சா என்ன, தெரியாட்டி என்ன?"

மளிகைப் பையோடு வந்த ஓர் ஆயா கேட்டது. கௌளி சாஸ்திரத்தில் எந்தத் திசையில் சொன்னால் என்ன பலன் என்று இருக்கிறதே தவிர, நிறத்தைப் பற்றி எனக்குத் தெரிந்து ஒன்றும் இல்லை. நான் இதைச் சொல்லி முடிக்கவும் மேலே கூரையில் ஒன்று ச்சு ச்சு என்றது. ஆயா கீழே தரையை மூன்று தரம் தட்டிவிட்டு, "பாத்தியா" என்று போய்விட்டார். அதற்கு மேல் என்ன பேசுவது.

"அங்கிள், நான் எப்பவும் ஒரே ஆரஞ்சு ஜெர்சிதான் போடுறேன். குண்டுக்கு என்னை அதை வச்சுத்தான் அடையாளம் தெரியுமா?"

கேட்டது அக்கா மகனின் கூட்டாளி. ஆரஞ்சு அதற்கு அப்படி ஒன்றும் எடுப்பான நிறம் இல்லை, முதல் பதிலைப் பார். வாசம், நடக்கிற அசைவு, சாப்பாட்டு நேரம், இதெல்லாம்தான் அதிகம் வேலை செய்யும். லெப்பர்ட் நாக்கை நீட்டி நீட்டி இழுப்பது உன் வாசத்தைப் பிடிக்கத்தான்.

சந்தேகம் தீராமல் அவன் மறுநாள் அண்ணனுடைய வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து தொட்டி முன்னால் நின்றான். குண்டு அசையவில்லை. பிறகு புழு டப்பாவின் மூடியைத் திறந்தான். டக் என்ற சத்தம் கேட்டதும் குகைக்குள்ளிருந்து தலை வெளியே வந்தது, இடது பக்கமாகப் பார்த்துக்கொண்டு.